தூற்றுதல் மருந்தாகாது

புகையிலை தமிழ்நிலத்திற்கு உரிய பயிரன்று. அமெரிக்க நிலத்தில் தோன்றிப் போர்த்துக்கீசியர் கலத்திலேறி, ஏறத்தாழ நானூறு ஆண்டுகட்கு முன்னர் நம் கரையில் வந்திறங்கிய அயற்பயிர் அது. கொணர்ந்தவர் அதற்கு வழங்கிய பெயரையே வடநாட்டு மொழிகள் சிறிது திரித்துத் 'தம்பாக்கு' என ஏற்றுக்கொண்டன. தமிழும் அதன் இனமொழிகளும் அப்பெயரைத் தீண்டவில்லை. புகைக்கும் இலையென்று கண்டான் தமிழன், புகையிலையென்று பெயரிட்டான். இலையைச் சுருட்டியது சுருட்டாயிற்று. அச்சுருட்டு என்னும் சொல்லையே ஆங்கிலேயன் கடன்கொண்டு 'செரூட்டு' என இன்றும் வழங்குகின்றான். வந்தேறிய பொருளுக்குத் தன் சொல்லை இட்ட இம்மொழித்திறம் எண்ணி மகிழத்தக்கதே. ஆயின், சொல்லில் வென்ற நாம் பொருளிடம் தோற்றோம். பெயர் நம்முடையதாயிற்று, நாமோ அவ்விலையின் உடைமையானோம்.

எத்துணை ஆழமாக அது வேரூன்றியதென்பதற்கு நம் இலக்கியமே சான்று. சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என ஒரு நூலே செய்தார், உ.வே. சாமிநாதர் அதனைப் பதிப்பித்தார். அன்னத்தையும் முகிலையும் தென்றலையும் தூதுவிட்ட தமிழ்ப்புலமை, புகையிலையையும் தூதுவிடுமளவிற்கு அதன்பாற் காதல்கொண்டு நின்றது. திண்டுக்கல் சுருட்டு, வேதாரணியம் புகையிலை, யாழ்ப்பாணப் புகையிலை என ஊர்ப்பெயரோடு சேர்ந்து அதற்குச் சிறப்புப் பெயர்களும் வாய்த்தன. தாம்பூலத் தட்டில் வெற்றிலைக்கு அருகே இடம் பிடித்து, விருந்தோம்பலின் உறுப்பாகவும் அது ஆகிவிட்டது.

வள்ளுவர்க்குப் புகையிலை தெரியாது. கள்ளுண்ணாமையைத் தொண்ணூற்று மூன்றாம் பகுதியாக வைத்தார். ஒரு பகுதி விட்டு, தொண்ணூற்றைந்தாவதாக மருந்தினை வைத்தார். கடிவதற்கு ஒரு பகுதி, தீர்ப்பதற்கு ஒரு பகுதி. நாமோ முன்னதை மட்டும் படித்துவிட்டுப் பின்னதை மறந்தோம். புகைப்பவனைக் கண்டால் கடிகின்றோம், இழிக்கின்றோம், 'உறுதியற்றவன்' என ஒதுக்குகின்றோம். நம் கூட்டங்களில் மேடையிலிருந்து புகையிலையைச் சாடுவோர், மேடைக்குப் பின்னால் பீடி பிடித்து நிற்கும் நம் தோழனைத் தனியே அழைத்து 'நீ விடுதற்கு யான் யாது துணை செய்யக் கூடும்?' என்று வினவியதுண்டா? இக்கட்டுரை அவ்வினாவைப் பற்றியதே. தூற்றுதல் மருந்தாகாது, துணையே மருந்து. இதனை உணர்ச்சியாற் கூறவில்லை. மருத்துவ அறிவியல் கண்ட முடிவினின்றே கூறுகின்றேன்.

முதற்கண் கேட்டின் அளவை அறிவோம். 2016-17ஆம் ஆண்டில் இந்திய ஒன்றியம் முழுவதும் எடுத்த கணக்கின்படி, அகவை பதினைந்தும் அதற்கு மேலும் உடையோருள் 28.6 விழுக்காட்டினர், ஏறத்தாழ 26.7 கோடி மாந்தர், புகையிலையை ஏதேனுமொரு வகையிற் பயன்படுத்தினர். பெண்களுள் 14.2 விழுக்காட்டினர். இப்பெண்களுட் பெரும்பாலோர் புகைப்பவரல்லர். மெல்பவர், அடக்குபவர், பல்லில் தேய்ப்பவர். புகைக்கும் பெண்கள் 2 விழுக்காட்டினரே. இவ்வேறுபாட்டை நினைவில் இருத்துக. பின்னர் இது பெரிதும் வேண்டப்படும்.

இங்கிலாந்தில் இரிச்சர்டு டால் என்னும் மருத்துவ அறிஞர், 1951இல் தொடங்கி, முப்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களின் வாழ்நாளை ஐம்பதாண்டு தொடர்ந்து கணித்து 2004இல் முடிவு வெளியிட்டார். புகைப்பதை விடாதார், புகையாதாரினும் ஏறத்தாழப் பத்தாண்டு முன்னரே மாய்ந்தனர். முப்பது அகவையில் விட்டவர் அப்பத்தாண்டையும் மீட்டனர். நாற்பதில் விட்டவர் ஒன்பதாண்டையும், ஐம்பதில் விட்டவர் ஆறாண்டையும், அறுபதில் விட்டவரும்கூட மூன்றாண்டையும் மீட்டனர். 'இத்துணைக் காலம் பிடித்தாயிற்று, இனி விட்டென்ன?' என்று கூறும் ஐம்பது அகவைத் தோழர்க்கு இதனினும் தெளிந்த விடையில்லை. ஆறாண்டு என்பது ஒரு பேரனைக் கையிலேந்திப் பள்ளி வாயில்வரை கொண்டுவிடும் காலம்.

இனி, நம்மவரிடையே உலவும் ஒரு பொய்யுரையை இவ்விடத்தே களைதல் வேண்டும். வெண்சுருட்டு வெள்ளையன் கொணர்ந்தது, அது தீது. பீடியோ எளியோர் கைத்தொழில், அதனால் தீங்கு சிறிது என்று கூறுவாருளர். பீடியின் புகையில் நிகோட்டின் என்னும் நஞ்சும் கரிப்பிசினும் வெண்சுருட்டினும் மிகுதியாகவே உடலுட் செல்கின்றன. எளிதில் அணைந்துவிடுமாதலின் அதனை அடிக்கடி ஆழ இழுக்கவேண்டியிருத்தலே இதற்குரிய கரணியம். அதனைச் சுற்றும் இலை நடுவிந்தியக் காடுகளிலிருந்து வருவது, பெயரோ வடசொல். உள்ளிருப்பது அமெரிக்கப் பயிர். இதில் நம்முடையதென்று சொல்லிக்கொள்ள எஞ்சியது நம் பெண்களின் கையுழைப்பும் நம் ஆண்களின் நுரையீரலுமே.

அவ்வாறாயின் ஏன் விடமுடியவில்லை? இங்குதான் 'உறுதியற்றவன்' என்னும் பழி தவறாகின்றது. இழுத்த புகையிலுள்ள நிகோட்டின் சில நொடிகளுள் மூளையை அடைகின்றது. ஆண்டுக்கணக்கில் அதற்குப் பழகிய மூளை, அது வாராதபோது தவிக்கின்றது. எரிச்சல், உறக்கமின்மை, ஒருநெறிப்பட எண்ணவியலாமை, பசி மிகுதல், காரணமற்ற துயர் ஆகியன தோன்றுகின்றன. முதற் கிழமையில் இவை கடுமையாயிருந்து, மூன்று நான்கு கிழமைகளில் தணிகின்றன. இது நோய், ஒழுக்கக்கேடன்று. எவர் துணையுமின்றித் தாமே விட முயல்வோருள், நூற்றுக்கு மூவர் முதல் ஐவரே ஓராண்டு நிலைத்து நிற்கின்றனர் என ஆய்வுகள் காட்டுகின்றன. எஞ்சிய தொண்ணூற்றைவரும் உறுதியற்றவர் என்று நாம் தீர்ப்புரைப்போமாயின், குறை அவர்பாலதன்று, நம் அறிவின்பாலது.

மருந்து என்னும் பகுதியின் முடிவில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார்: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன். புகையிலை நோய்க்கும் இந்நான்கும் வேண்டும். ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது நோயுற்றவன். விடுவதென்று துணிந்தவன் ஒரு நாளைக் குறித்தல் வேண்டும். 'பார்க்கலாம்' என்பது நாளன்று. அந்நாளை வீட்டார்க்கும் நண்பர்க்கும் அறிவித்தல் வேண்டும். வீட்டிலும் பையிலும் உள்ள கட்டுகளையும் தீப்பெட்டியையும் முதல்நாள் இரவே அகற்றிவிடல் வேண்டும். எந்தெந்தப் பொழுதில் கை தானே தேடுகின்றதென்று, காலைத் தேநீருக்குப் பின்னா, உண்டபின்னா, பேருந்துக்குக் காத்திருக்கையிலா என்று கண்டு, அப்பொழுதிற்கு வேறு செயலை வகுத்துக்கொள்ளல் வேண்டும். வேட்கை எழுந்தால் அது சில மணித்துளிகளே நிற்கும்; நீர் பருகி, நடந்து, பேசி அதனைக் கடத்திவிடல் கூடும். வாய்க்கு ஏதேனும் வேண்டுமெனின் சீரகமோ ஏலமோ மெல்லுக. பாக்கை நாடற்க, பாக்குத் தானும் புற்றுநோய் விளைப்பதென 2004இல் உலகப் புற்றுநோய் ஆய்வமைப்பு உறுதிசெய்துள்ளது. ஒருமுறை தவறிவிட்டால் 'போயிற்று' என்று கைவிடற்க. விட்டவருட் பலர் பலமுறை முயன்று விட்டவரே. வழுக்கி விழுந்த குழந்தையை நாம் மீண்டும் நடக்கவே சொல்கின்றோம்.

இரண்டாவது மருத்துவன். நம் மருத்துவமனைகளில் குருதியழுத்தம் பார்க்கின்றனர், எடை பார்க்கின்றனர், 'புகையிலை உண்டா?' என்று ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு முறையும் வினவுகின்றனரா? மேலைநாட்டு மருத்துவர் இதற்கு ஐந்து படி வகுத்துள்ளனர். அவற்றைத் தமிழிற் கூறின்: கேள், கூறு, உளமறி, துணைசெய், தொடர். புகையிலை உண்டா என்று கேட்டல். விடுக எனத் தெளிவாகக் கூறல். விடும் விருப்பம் உண்டாவென அவர் உளமறிதல். நாள் குறிக்கவும் மருந்து கொள்ளவும் துணைசெய்தல். சில நாள் கழித்து எந்நிலையென வினவித் தொடர்தல். இம்முதலிரண்டிற்கு வேண்டுவது மூன்று மணித்துளியே. மருத்துவர் ஒருவர் தெளிவாக 'விடுங்கள்' என்று கூறும் ஒரு சொல்லே, விடுவோர் தொகையைச் சிறிதேனும் கூட்டுகின்றதென ஆய்வுகள் மெய்ப்பித்துள்ளன. மூன்று மணித்துளி செலவிட்டால் ஓருயிர் பிழைக்கக்கூடுமெனில், அதனைச் செலவிடாத மருத்துவமனை எதனைச் சேமிக்கின்றது?

மூன்றாவது மருந்து. நிகோட்டினை மட்டும் சிறிதளவில் அளித்து, புகையின் ஏனை நச்சுப்பொருள்களை விலக்கும் மெல்பசையும், தோலில் ஒட்டும் ஒட்டும் உள்ளன. வேட்கையைத் தணிக்கும் வரெனிக்கிளின், புப்ரோப்பியோன், சைட்டிசின் என்னும் மருந்துகளும் உள்ளன. இவற்றை அகவை முதிர்ந்தோர்க்கு வழங்கலாமென உலக நலவாழ்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட நெறிமுறை பரிந்துரைக்கின்றது. மருந்தும் அறிவுரையும் ஒருங்கே சேரும்போது பயன் மிகுமென்றும் அது கூறுகின்றது. மருந்து கொள்வது இழுக்கென எண்ணற்க. காய்ச்சலுக்கு மருந்துண்பவனை உறுதியற்றவன் என்கின்றோமா? ஆயின் இம்மருந்துகளை மருத்துவர் சொற்கேட்டே கொள்ளல் வேண்டும். புகையை விடுவதற்கெனக் கள்ளத்தனமாய் விற்கப்படும் மின்சுருட்டினை நாடலும் வேண்டா. அது 2019இல் ஒன்றியச் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

நான்காவது பேணுவோன். இக்கூற்றிலேயே நம் கடமை அடங்கியுள்ளது. இக்கூற்றிலேயே மொழியும் வந்து நிற்கின்றது. புகையிலை விட விரும்புவோர் கட்டணமின்றி அழைத்து அறிவுரை பெறுதற்கென ஒன்றிய அரசு ஒரு தொலைப்பேசித் தொண்டினை 2016இல் தில்லியில் தொடங்கியது, எண் 1800-11-2356. தொடங்கியபோது அதில் எம்மொழிகள் இருந்தன? இந்தியும் ஆங்கிலமுமே. வேட்கையால் தவிக்கும் திருச்செந்தூர் மீனவனும், தில்லிக்கு அழைத்து, அவன் அறியா மொழியில் அவன் தவிப்பைக் கூறல் வேண்டும் என்பது திட்டம்! ஈராண்டு கழித்து, 2018இல், பெங்களூரில் உள்ள நிம்கான்சு என்னும் உளநல நரம்பியல் மருத்துவ நிறுவனத்தின் வழியாகவே தமிழுக்கு அதில் இடம் வாய்த்தது. நோயுற்றவன் தன் நெஞ்சைத் திறந்து பேசுதற்குரிய மொழி தாய்மொழியே. மருந்து எம்மொழியிலும் இயங்கும். ஆறுதல் தாய்மொழியிலேதான் இயங்கும். இவ்வெண் இப்போது வெண்சுருட்டுக் கட்டுகளின் மேலேயே அச்சிடப்படுகின்றது. படிப்பகம் தோறும் இதனைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்குமாறு நம் தோழர்களை வேண்டுகின்றேன். சென்னை அடையாற்றிலுள்ள புற்றுநோய் மருத்துவமனையும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலுள்ள புகையிலை நிறுத்த நடுவங்களும் நேரிற் செல்வோர்க்குத் துணைபுரிகின்றன.

இதுகாறும் கூறியது பொது. இனிக் கூறுவது கருவுற்ற தாயைப் பற்றியது. இதனைக் கூறுதற்கே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

புகையிலை தாயின் உடலோடு நிற்பதன்று. நிகோட்டின் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவினை அடைகின்றது. கருப்பைக்குச் செல்லும் குருதிக்குழாய்களைச் சுருக்குகின்றது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி, உயிர்வளிக்குரிய இடத்தைத் தான் கவர்ந்துகொள்கின்றது. தாயின் குருதியினும் கருவின் குருதியில் அது மிகுதியாய்த் தங்குகின்றது. இதன் விளைவாகக் குழந்தை எடை குறைந்தும் நாள் நிரம்பாமலும் பிறக்கின்றது. சில வேளை உயிரின்றியும் பிறக்கின்றது. மெல்லும் புகையிலையில் புகையில்லையே, அது தீங்கன்றே என்பார்க்கு விடை மும்பையிலிருந்து கிடைத்தது. அங்குக் கருவுற்ற பெண்களிடையே நிகழ்த்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், புகையிலை மென்ற தாயரின் குழந்தைகள் மெல்லாதார் குழந்தைகளினும் ஏறத்தாழ நூறு கிராம் எடை குறைந்து பிறந்தமை கண்டறியப்பட்டது. நாள் நிரம்பாப் பிறப்பும் மிக்கிருந்தது.

ஆறுதல் தரும் செய்தியும் உண்டு. கருவுற்ற முதல் மூன்று நான்கு திங்களுள் புகைப்பதை விட்ட தாயரின் குழந்தைகள், என்றுமே புகையாத தாயரின் குழந்தைகளை ஒத்த எடையோடு பிறக்கின்றன. பின்னர் விட்டாலும் பயனுண்டு. முன்னர் விட்டால் பெரும்பயனுண்டு. ஆதலின் அத்தாயிடம் எவ்வளவு விரைந்து வினவுகின்றோமோ அவ்வளவு நன்று.

ஆனால் எவ்வாறு வினவுகின்றோம்? என் மாணவன் ஒருவனின் தாய், இரண்டாம் மகவினைச் சுமந்திருந்தபோது மருத்துவமனைக்குச் சென்றுவந்ததை என் மனைவியிடம் கூறினார். அங்கே செவிலி 'புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?' என்று வினவினார். அவ்வம்மையார் 'ஐயோ, இல்லையம்மா' என்றார். அது மெய்யே. அவர் வாழ்நாளில் ஒரு பீடியைப் பற்றவைத்ததில்லை. ஆனால் அவ்விடை கூறிய வாயின் ஓரத்தில் அப்போதும் புகையிலை அடங்கியிருந்தது. பல்வலிக்கெனத் தொடங்கி, மசக்கைக் குமட்டலுக்கெனத் தொடர்ந்து, நாளொன்றுக்கு ஐந்தாறு முறையாய் வளர்ந்த பழக்கம் அது. ஏட்டில் 'இல்லை' என எழுதப்பட்டது. செவிலியும் பொய் எழுதவில்லை, தாயும் பொய் கூறவில்லை, வினாவே பிழை. வினவவேண்டிய முறை இது: 'புகையிலையை மெல்வது, அடக்குவது, பல்லில் தேய்ப்பது, புகைப்பது என எவ்வகையிலேனும் பயன்படுத்துகின்றீர்களா? வீட்டில் எவரேனும் புகைக்கின்றார்களா?' ஒரு சொல்லின் பொருளெல்லையை அறியாமையால் ஒரு குழந்தையின் நலம் ஏட்டினின்று நழுவிவிடும் என்பதைச் சொல்லாய்வில் ஈடுபட்ட நாமல்லவா எடுத்துரைத்தல் வேண்டும்?

வினாவைத் திருத்தினாலும் நாணம் தடுக்கும். ஆண் புகைத்தால் பழக்கம் என்கின்றோம். பெண் புகையிலை கொண்டால் இழிவு என்கின்றோம். கருவுற்றவளாயின் 'தன் பிள்ளையையே கொல்பவள்' என்று கூசாமற் கூறுகின்றோம். இச்சொல் அவளைத் திருத்துவதில்லை, மறைக்கவே பழக்குகின்றது. மறைத்தவளுக்கு மருத்துவர் துணை இல்லை, மாமியார் துணை இல்லை, எண் 1800 இருந்தும் பயனில்லை. நம் இழிசொல்லுக்கு அஞ்சி அவள் வாய்மூடும்போது, அவள் வாயிலுள்ள புகையிலை மட்டும் தன் தொழிலை நிறுத்துவதில்லை.

கருவுற்றார்க்குச் செய்யவேண்டுவது யாதென உலக நலவாழ்வு நிறுவனம் 2013இல் வரையறுத்தது. ஒவ்வொரு வருகையிலும் வினவுக; இழிக்காது அறிவுரையும் உளத்துணையும் அளிக்க; வீட்டிற் புகைக்கும் கணவனையும் அழைத்துப் பேசுக என்பன அதன் சாரம். புப்ரோப்பியோன், வரெனிக்கிளின் ஆகியவற்றைக் கருவுற்றார்க்குப் பரிந்துரைக்கவில்லை. நிகோட்டின் மெல்பசையும் ஒட்டும் சில நாடுகளில் மருத்துவர் மேற்பார்வையில் வழங்கப்படுகின்றன. கருவுற்றவர் தாமே வாங்கிக்கொள்ளல் கூடாது. ஆகவே கருவுற்ற தாய்க்கு முதன்மையான மருந்து, பக்கத்தில் இருந்து பேசும் மாந்தரே. இந்திய வீடுகளில் அகவை வந்தோருள் 38.7 விழுக்காட்டினர் பிறர் விடும் புகையை வீட்டினுள்ளேயே நுகர்கின்றனர் என்று முற்கூறிய கணக்கே காட்டுகின்றது. 'அவள் விட்டாளா?' என்று வினவும் கணவன், தன் கையைப் பார்த்துக்கொள்ளக் கடவன்.

இசுக்காட்டுலாந்தின் கிளாசுகோ நகரில் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. முடிவு 2015இல் வெளிவந்தது. புகைக்கும் பழக்கமுடைய கருவுற்ற பெண்கள் 612 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவிற்கு வழக்கமான அறிவுரை. மற்றதற்கு அதனோடு, விட்டதை ஆய்வின்வழி மெய்ப்பிக்குந்தோறும் பொருள் வாங்கும் சீட்டு, மொத்தம் நானூறு பவுன்வரை. கருக்காலத்தின் பிற்பகுதியில் முதற்பிரிவில் 8.6 விழுக்காட்டினரும், இரண்டாம் பிரிவில் 22.5 விழுக்காட்டினரும் விட்டிருந்தனர். இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறைக் குழுவும் 2021இல் இவ்வழியை ஏற்றுக்கொண்டது. 'தீய பழக்கத்தை விடுவதற்குக் காசா? நல்லொழுக்கத்தை விலைக்கு வாங்குவதா?' என்று சினப்போர் இருப்பர். அவர்க்கு என் விடை: நாம் ஒறுப்புத் தொகையால் அச்சுறுத்தி நல்வழிப்படுத்துவதை ஏற்கின்றோம், பொதுவிடத்திற் புகைப்போர்க்குத் தண்டம் விதிக்கும் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. தண்டம் முறையெனின் பரிசு எவ்வாறு முறைகேடாகும்? பரிசு பெறுபவள் தாயாயினும், பயன்பெறுவது பிழையறியா மகவு.

தமிழ்நாட்டில் இதற்கு வழி முன்னரே அமைந்துள்ளது. எளிய குடும்பத்துக் கருவுற்ற பெண்களுக்கு மருத்துவர் முத்துலட்சுமியார் பெயரால் மகப்பேற்று உதவித் தொகை வழங்கப்படுகின்றது. அப்பெருமாட்டியே 1954இல் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர். மகப்பேறும் புற்றுநோயும் ஆகிய இரண்டிலும் தமிழ்ப்பெண்டிர்க்குத் துணைநின்ற ஒருவர் பெயரிலான திட்டத்தில், புகையிலை பற்றிய வினாவும் துணையும் சேராதிருத்தல் பொருந்துமா? அத்தொகையில் ஒரு காசும் குறைத்தல் கூடாது; குறைத்தால் மீண்டும் மறைப்பே விளையும். புகையிலையை விட்ட தாய்க்குக் கூடுதலாக ஒரு தொகை சேர்க்க என்றே கேட்கின்றோம். 2021 முதல் வீடுதேடி மருத்துவம் அளிக்கும் தமிழக அரசின் திட்டப் பணியாளரும், இனிப்புநீர் நோயை வினவுமாறே புகையிலையையும் வினவுக என்கின்றோம்.

பீடி சுற்றும் பெண்டிரையும் இங்கு நினைத்தல் வேண்டும். நெல்லை, தென்காசி, வேலூர் முதலிய மாவட்டங்களில் முறத்தை மடியில் வைத்து ஆயிரத்திற்கு இவ்வளவென்று கூலி பெற்று உழைக்கும் பெண்கள், புகையாமலும் மெல்லாமலும் இருந்துகொண்டே தோலாலும் மூச்சாலும் நிகோட்டினை ஏற்கின்றனர். கருவுற்ற காலத்தும் அம்முறம் மடியினின்று இறங்குவதில்லை. இறங்கினால் உலையும் இறங்கிவிடும். இவரிடம் 'விடுக' என்று கூறுவது எளிது. எதனைக் கொண்டு உண்பது என்பதற்கு விடை கூறுவது அரிது. கருவுற்ற திங்கள்களிலேனும் கூலியிழப்பை ஈடுசெய்யும் தொகை வேண்டும். அதன்பின் மாற்றுத்தொழில் வேண்டும். இவ்விரண்டையும் கேளாது புகையிலை ஒழிப்பைப் பேசுவது, நோயை விட்டு நோயாளியை ஒழிக்கும் பேச்சாகும்.

அரசுகளின் நிலை யாது? 1910இல் கொல்கத்தாவில் 'இம்பீரியல் டொபாக்கோ' என்னும் பெயரோடு வெள்ளையர் தொடங்கிய வெண்சுருட்டு நிறுவனம் பெயர் சுருங்கி இன்றும் கொழிக்கின்றது. ஒன்றிய அரசின் ஆயுள் காப்பீட்டு நிறுவனமே அதன் பங்குடைமையாளருள் ஒன்று. மக்களின் உயிருக்குக் காப்புறுதி கூறும் நிறுவனம், அவ்வுயிரைக் குறைக்கும் தொழிலின் ஊதியத்திலும் பங்கு பெறுகின்றது! கட்டின்மேல் நூற்றுக்கு எண்பத்தைந்து பகுதி அச்சமூட்டும் படம் அச்சிடுக என 2016 முதல் ஆணை நிற்கின்றது, நன்று. படம் அச்சுறுத்தும், கைதூக்கிவிடாது. புகையிலையால் வரும் வரியில் ஒரு சிறு பகுதியையேனும் விடுவோர்க்கு மருந்தாகவும் தமிழறிந்த துணைவராகவும் திருப்பித் தருக என்று கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு.

ஆயினும் அரசு செய்யும்வரை நாம் காத்திருத்தல் வேண்டா. பேணுவோன் என்னும் நான்காம் கூறு நம் கையிலேயே உள்ளது. படிப்பகத்தையும் கூட்டத்தையும் புகையில்லா இடமாக்குக. தோழன் ஒருவன் நாள் குறித்துவிட்டால், முதல் மூன்று கிழமை நாள்தோறும் மாலையில் அவனோடு நடக்க ஒருவர் பொறுப்பேற்க. அவன் எரிந்து விழுந்தால் பொறுத்துக்கொள்க. பேசுவது அவனல்லன், விலகும் நஞ்சு. தவறினால் இகழாது மறுநாளைக் குறிக்க. வீட்டில் கருவுற்ற பெண் இருப்பின், முதலில் கணவன் விடுக. பின்னர் அவளிடம் தாழ்ந்த குரலில், பிறர் கேளாவிடத்து வினவுக. மகப்பேற்றுக்குப் பின் பலர் மீண்டும் அப்பழக்கத்திற்கே திரும்புகின்றனராதலின், குழந்தை பிறந்ததும் துணையை நிறுத்தற்க. பள்ளி ஆசிரியராயிருப்போர், பள்ளிக்கு நூறு கசத்திற்குள் புகையிலை விற்றல் சட்டப்படி குற்றமென்பதைக் கடைக்காரர்க்கு நயமாக உணர்த்துக. அவர் கேளாவிடின் உரியவர்க்கு எழுதுக.

அயலிலைக்குத் தமிழ்ப்பெயர் இட்ட முன்னோர், அதன் பிடியினின்று மீளும் வழியையும் தமிழிலேயே நமக்கு விட்டுச் சென்றுள்ளனர்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, பேணுவோன். முதல் மூன்றும் இருந்தும் நான்காமவர் இன்றித் தவிப்போர் நம் தெருவிலேயே உளர். அவருள் ஒருவரை இத்திங்களுக்குள் கண்டு, 'எந்நாள் விடலாம்?' என்று கேட்பீராக.